கொழும்புக் கெப்புக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

புதிதாக வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தெஹிவளையில் இருக்கும் ஒருவர் பாவித்த டீசல் டபள் கெப் ஒன்று வாங்கியிருக்கிறார். கிழமை நாட்களில் காலி வீதி நெரிசலில் கோட்டை வரை போய் வருகிறார். மாதத்தில் ஒரு வார இறுதியில் வில்பத்துப் பக்கமோ நக்கிள்ஸ் மலைப் பக்கமோ போகிறார். நாலு டயரும் தேய்ந்துவிட்டன. டயர் கடையில் "எம்.ரி. (சேற்று டயர்) போடுங்கோ, 40 அடிச்சு விடுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்களாம். கூட வரும் நண்பர்கள் "மணலுக்கு 15க்கு இறக்காவிட்டால் புதையும்" என்கிறார்களாம். எந்த டயர் போடுவது, எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வைப்பது என்று கேட்கிறார்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரு இலக்கம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் சிக்கல் வேறு. ஒரே செட் டயர் திங்கட்கிழமை மழையில் பம்பலப்பிட்டிச் சந்தியில் பிரேக் பிடிக்கவும் வேண்டும், சனிக்கிழமை வில்பத்துப் பக்கத்து எலுவன்குளத்து மணலில் ஓடவும் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரு டயர் என்றால், டயரின் வகை பாதி விடைதான். மீதியைக் காற்றை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வாகனத்தோடு வந்த அதே அளவில் ஒரு நல்ல ஏ.ரி. (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் போடுங்கள். எம்.ரி.க்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த காசில் காற்றழுத்தம் அளக்கும் நல்ல கேஜ் ஒன்றும் காற்று அடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றும் வாங்குங்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன்; வன்னியிலும் மன்னாரிலும் களப்பணி வாகனங்களுக்குக் கனகாலம் பொறுப்பாக இருந்தவன். டயர் தயாரிப்பில் வேலை செய்தவன் அல்ல. ஆகவே எந்தக் கம்பெனியின் ரப்பர் சிறந்தது என்ற வாதத்துக்குள் போகமாட்டேன்.

வகைகளை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். எச்.ரி. என்பது தார் வீதிக்கானது; சத்தம் குறைவு, மழையில் நல்ல பிடி, பக்கச்சுவர் மென்மை. எம்.ரி. என்பது சேற்றுக்கானது; பெரிய பெரிய ரப்பர் கட்டைகள், அவற்றுக்கிடையே அகன்ற இடைவெளி, பக்கச்சுவர் தடிப்பு. ஏ.ரி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இந்த மூன்றுக்கும் சட்டம்போல ஒரு வரையறை இல்லை. ஒரு கம்பெனி ஏ.ரி. என்று விற்பது இன்னொரு கம்பெனியின் எச்.ரி. மாதிரி இருக்கும். அதனால் எழுத்தை நம்பாமல் டயரைக் கையில் பிடித்துப் பாருங்கள். கட்டைகளுக்கு நடுவே விரல் நுழைகிறதா, கட்டைகளின் மேல் மெல்லிய கீறல் வெட்டுகள் இருக்கின்றனவா, தோள்பட்டையில் டிரெட் (தரையைத் தொடும் ரப்பர்) பக்கச்சுவருக்குக் கொஞ்சம் இறங்கி வருகிறதா என்று கவனியுங்கள். அந்த மெல்லிய வெட்டுகள்தான் நனைந்த தாரில் தண்ணீர்ப் படலத்தை உடைத்துப் பிடிப்பைத் தருகின்றன. எம்.ரி.யில் அவை மிகக் குறைவு, அல்லது இல்லை.

எம்.ரி.யை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணமே இதுதான். நீங்கள் ஓடும் தூரத்தில் மிகப் பெரும் பகுதி தார் வீதி. அதிலும் கொழும்பில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. முன்னால் ஒரு முச்சக்கரவண்டி திடீரென்று வெட்டித் திரும்பும்போது உங்கள் கெப் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதில் டயரின் பங்கு பெரிது. பெரிய கட்டை டயரில் தாரைத் தொடும் ரப்பரின் அளவே குறைவு, நனைந்த வீதியில் நிற்க எடுக்கும் தூரம் கூடும். இதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு கூடும் என்பது டயருக்கு டயர் மாறும். இரைச்சல், டீசல் செலவு, சீக்கிரம் தேய்வது எல்லாம் இதற்கு மேலதிகம். அதிவேகப் பாதையில் மாத்தறை வரை ஒருமுறை எம்.ரி.யில் போய் வந்தவர்கள் இரைச்சலைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவார்கள். சேற்றிலேயே சீவிக்கிறவர்களுக்கு, அதாவது மாரி காலத்தில் வயல் பாதையில் தினமும் போகிறவர்களுக்கு, எம்.ரி. தேவைதான். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறுக்கு இல்லை.

அடுத்தது பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வாசிப்பது. உங்கள் மாதிரிக் கெப்புகளில் 265/65 ஆர் 17 என்ற அளவு சாதாரணம். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அகலத்தின் சதவீதமாகப் பக்கச்சுவரின் உயரம், 17 என்பது ரிம்மின் அங்குலம். அதற்குப் பக்கத்தில் 112 எஸ் என்பதுபோல ஒன்று இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. எம்.ரி. டயர்களில் பெரும்பாலும் கியூ என்றிருக்கும், அது 160. இங்கே அதிவேகப் பாதையிலேயே 100தான் எல்லை என்பதால் வேக எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பாரம் தாங்கும் இலக்கம் மட்டும் வாகனத்தோடு வந்ததைவிடக் குறையவே கூடாது. மலையும் பனிப்படிகமும் சேர்ந்த ஒரு சின்னத்தைக் காட்டி விலை கூடச் சொன்னால் சிரித்துக்கொண்டு நகருங்கள். அது பனி விழும் நாடுகளுக்கான தரம், நுவரெலியாவுக்குக்கூட அது தேவையில்லை.

பக்கச்சுவரில் நான் மிகவும் கவனித்துப் பார்ப்பது தயாரித்த திகதி. டி.ஓ.டி. என்ற எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில்தான் முழு எண்ணும் இருக்கும், மற்றப் பக்கத்தில் இருக்காது. ஆகவே சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்து போனதில் மெதுவாக விற்பனையாகும் அளவுகள் கடைகளில் வருடக்கணக்கில் கிடந்ததுண்டு. ரப்பர் அடுக்கில் இருந்தாலும் முதிரும். உற்பத்தியாகி இரண்டு வருடத்துக்குள் இருந்தால் தயக்கமில்லாமல் வாங்குவேன். அதற்கு மேல் என்றால் விலை பேசுவேன். ஐந்து வருடம் கடந்ததை இலவசமாகத் தந்தாலும் காட்டுக்குப் போகும் வாகனத்துக்குப் போடமாட்டேன். பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் டயர் பளபளவென்று கறுப்பு மை பூசி அடுக்கி வைத்திருப்பார்கள். காடி ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் பக்கச்சுவரை வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். பழைய டயரின் மேல் புது டிரெட் ஒட்டிய ரீபில்ட் டயரும் அப்படியே. லொறிக்கும் பஸ்ஸுக்கும் அது நியாயமான தெரிவு. காற்று இறக்கி ஓட்டும்போது பக்கச்சுவர்தான் வேலை செய்கிறது, ரீபில்ட்டில் அந்தப் பக்கச்சுவர் பழையது. நான் அதில் துணிய மாட்டேன்.

இன்னொரு முடிச்சு, கார் வகைக் கட்டுமானமா, லொறி வகைக் கட்டுமானமா என்பது. அளவுக்கு முன்னால் எல்.ரி. என்ற எழுத்து இருந்தால் அது இலகு லொறி வகை. அடுக்குகள் கூட, பாரமும் கூட, வெட்டு, குத்து தாங்கும். அதே 265/65 ஆர் 17 எல்.ரி. வகையில் 120 என்ற பார இலக்கத்தோடு வரும், அதாவது 1400 கிலோ. "பத்து பிளை" என்று கடையில் சொல்வது இதைத்தான். உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது பழைய துணி டயர் காலத்துப் பலக் கணக்கு. இந்த வகையில் கவனிக்க வேண்டியது, அதே பாரத்தைத் தாங்க இதற்குக் கார் வகையைவிடக் கூடுதல் காற்று வேண்டும். கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு இதற்கு அப்படியே பொருந்தாது. தயாரிப்பாளர் வெளியிடும் பார அட்டவணையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பெட்டி நிறையச் சாமான் ஏற்றாத ஒரு நகரக் கெப்புக்கு எல்.ரி. விறைப்பாக இருக்கும், பள்ளத்தில் தூக்கிப் போடும். நக்கிள்ஸ் கல்லுக்கு அது நல்லது. இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் பாவனைக்குக் கார் வகையே போதும் என்பேன். ஆனால் இதில் என்னோடு உடன்படாத அனுபவசாலிகள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பெரிய டயர் போடுவதைப் பற்றி இரண்டு வரி. 265/65இலிருந்து 265/70க்கு மாறினால் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டரிலிருந்து 803க்குப் போகிறது, கிட்டத்தட்ட 3.4 சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது வாகனம் 103இல் போகும், வயிறு தரையிலிருந்து 13 மில்லிமீட்டர் உயரும். அந்த 13 மில்லிமீட்டருக்காக முழு ஸ்டியரிங் வெட்டும்போது மட்கார்டில் உரசுவதையும் ஏற்றத்தில் இஞ்சின் திணறுவதையும் ஏற்றுக்கொள்ளத் தேவையா என்று யோசியுங்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வெறும் வாகனத்துக்கு எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு, முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். கிலோபாஸ்கலில் இருந்தால் 6.9ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ.; 200 என்றால் 29. டயரின் பக்கச்சுவரில் 44 என்றோ 51 என்றோ அச்சிட்டிருப்பது அந்த டயருக்கான உச்ச எல்லை. அது சிபாரிசு அல்ல. கடையில் 40 அடித்து விடுவது பெரும்பாலும் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான், அல்லது எல்லாருக்கும் ஒரே அளவு அடித்துப் பழகியதால்தான். வெறும் கெப்பில் பின் சில்லுகளுக்கு 40 அடித்தால் பெட்டி துள்ளும், டிரெட்டின் நடு மட்டும் தேயும், நனைந்த வீதியில் பின்பக்கம் வழுக்கும். தார் வீதியில் ஸ்டிக்கர் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கூடாரம், தண்ணீர்க் கான், நாலு பேரின் பை எல்லாம் ஏற்றினால் பின்னுக்கு முழுப் பாரத்தின் அளவை வையுங்கள். அளப்பது காலையில், வாகனம் ஓடுவதற்கு முன். வெயில் விழும் பக்கத்து டயர் நிழல் பக்கத்தைவிடக் கூடக் காட்டும். டயரின் வெப்பம் ஐந்தாறு பாகை ஏறினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. ஏறும்.

காற்றை இறக்கினால் என்ன நடக்கிறது என்பதை வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு டயரின் முன்பக்கம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கடதாசியை அது முட்டி நிற்கும்வரை தள்ளுங்கள், பின்பக்கமும் அப்படியே. இரண்டு கடதாசிக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து வையுங்கள். பிறகு 32இலிருந்து 18க்கு இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். அகலம் சொற்பமாகத்தான் மாறியிருக்கும், நீளம்தான் கூடியிருக்கும். டயர் பரந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் வேலை செய்வது நீளம். புல்டோசரின் சங்கிலிபோலத் தரையில் நீளமாகப் படுக்கும்போது அதே பாரம் கூடுதல் மணலில் பகிரப்படுகிறது, சில்லு கிடங்கு தோண்டாமல் மேலால் உருள்கிறது. வெறும் கணக்கில் அமுக்கம் பாதியானால் தொடும் பரப்பு இரண்டு மடங்காக வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் கூடும். விறைப்பான எல்.ரி. டயருக்கு இன்னும் இரண்டு மூன்று குறைத்தால்தான் அதே பலன் வருவதற்கும் இதுவே காரணம்.

மன்னாரில் எங்களோடு இருந்த ஒரு சாரதி ஐயா கேஜைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு தீக்குச்சியால் வால்வின் நடு ஊசியை அழுத்தி, வாய்க்குள் எண்ணுவார். எண்ணி முடித்ததும் எழுந்து, டயரின் வயிறு பிதுங்கி நிற்கும் இடத்தைச் செருப்புக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த டயருக்குப் போவார். பின்னால் போய் நான் கேஜ் வைத்தால் நாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அவர் பார்த்தது பிதுங்கலைத்தான். அதை நீங்களும் அளக்கலாம். தார் வீதி அளவில் ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். அந்த உயரத்தில் கால் பங்கு குறையும் வரை இறக்கினால் மணலுக்குச் சரியான தொடக்க அளவு கிடைக்கும். பாரம் கூட ஏற்றிய வாகனத்துக்கும் வெறும் வாகனத்துக்கும், விறைப்பான டயருக்கும் மென்மையான டயருக்கும் இந்த முறை தானாகவே ஈடுகொடுக்கும். பி.எஸ்.ஐ. இலக்கத்தால் அது முடியாது.

ஆனாலும் ஒரு இலக்கம் இல்லாமல் யாரும் விடமாட்டீர்கள். கற்பிட்டிக் கடற்கரை, எலுவன்குளத்திலிருந்து உள்ளே போகும் மணல் தடங்கள், மன்னார்த் தீவின் குருமணல் போன்ற இடங்களுக்கு உங்கள் கெப்பில் 18இல் தொடங்குங்கள். இஞ்சின் திணறினால், இரண்டாம் கியரில் ஏறாமல் மூக்கைக் குத்தினால் 16. புதைந்துவிட்டால் வெளியே வருவதற்கு மட்டும் 12 வரை இறக்கலாம். வந்ததும் உடனே திரும்ப ஏற்ற வேண்டும். ஜிம்னி மாதிரி இலேசான வாகனம் என்றால் இதைவிட இரண்டு மூன்று குறைவாக ஓட்டலாம். நண்பர்கள் சொன்ன 15 பிழையில்லை, அது அவர்களுடைய வாகனத்தின் இலக்கம். 16க்குக் கீழே ஸ்டியரிங்கை வெடுக்கென்று வெட்டக் கூடாது, அமுக்கிப் பிரேக் பிடிக்கவும் கூடாது; டயரின் ஓரம் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். மணலில் நிறுத்த வேண்டுமானால் அக்ஸிலரேட்டரை விட்டுத் தானாக நிற்க விடுங்கள். பழைய லேண்ட் ரோவர் மாதிரி டியூப் போட்ட டயர் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும், டியூபும் அதோடு இழுபட்டு வால்வின் அடியில் கிழியும். அவர்களுக்கு 20, 22க்குக் கீழே போவது ஆபத்து.

மணலில் புதைவதால் டயருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பெரும் சேதம் மணல் முடிந்த பிறகுதான் நடக்கிறது. ஞாயிறு பின்னேரம், எல்லாருக்கும் களைப்பு, நாளைக்கு வேலை. 18இல் இருக்கும் டயரோடு தார் வீதியில் ஏறி, புத்தளம் போய் ஷெட்டில் காற்று அடிக்கலாம் என்று 80இல் விடுவார்கள். குறைந்த காற்றில் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது, அந்த மடிப்பு வெப்பமாகிறது, வெப்பம் உள்ளே அடுக்குகளின் ஒட்டை இளக்குகிறது. அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சில வாரம் கழித்து அதிவேகப் பாதையில் பாரத்தோடு போகும்போது டிரெட் கழன்று பறக்கும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. காற்று 20க்குக் கீழே என்றால் மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். 25 அளவில் 60. தார் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி ஏற்றுங்கள். இந்த வேக எல்லைகள் துல்லியமானவை அல்ல, கைவழக்கத்தில் வந்தவை. ஆனால் வெப்பம் என்ற காரணத்தில் விவாதம் இல்லை. கம்ப்ரஸர் இல்லாதவர் மணலில் காற்று இறக்கக் கூடாது என்று நான் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

நக்கிள்ஸ் பக்கம் கதை வேறு. மீமுரேக்கு இறங்கும் பாதை, தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் கல் பாவிய பாதைகள் எல்லாவற்றிலும் புதைவது பிரச்சினையே இல்லை. கூரான கருங்கல், உடைந்த கொங்கிரீட் விளிம்பு, பாசி பிடித்த பாறை, மழையில் சவர்க்காரம்போல் ஆகும் செம்மண் இவைதான் அங்கே. கொஞ்சம் காற்றுக் குறைத்தால் டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், குத்தும் விசை பரவும், டிரெட்டில் குத்து விழுவது குறையும். உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பும் தப்பும். ஆனால் அதிகம் குறைத்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கல்லின் கூர் அதைத் தொடும். டிரெட்டில் விழும் ஓட்டையை ரப்பர் திரி செருகி ஒட்டிவிடலாம், பக்கச்சுவரில் விழுந்த வெட்டுக்கு மருந்தில்லை. அதனால் இங்கே 24இலிருந்து 26 வரை. செங்குத்தான இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது பாரம் முழுக்க வெளிப்பக்க முன் டயரில் விழும் என்பதால் 22க்குக் கீழே நான் போவதில்லை. வன்னியின் கிரவல் வீதிகளுக்கும் இதே 26 அளவு சரி. அங்கே ஆபத்து ஓரத்துப் பற்றைகளில் இருக்கும் விடத்தல் முள்ளும், வெட்டிவிட்ட கம்புகளின் கட்டைகளும். எதிரே வரும் உழவு இயந்திரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கும்போதுதான் பக்கச்சுவர் கிழியும்.

சேற்றைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம் அதிகம். மேலே நாலு அங்குலம் சேறு, கீழே கெட்டித் தரை என்றால் காற்றைக் குறைக்காமல் விட்டால் டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடித் தரையைப் பிடிக்கும் என்பது ஒரு கட்சி. அடியே இல்லாத சதுப்பு என்றால் மணல் மாதிரி இறக்கி மிதக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் அதனதன் இடத்தில் சரி, ஆனால் இறங்கி ஒரு தடியால் குத்திப் பார்க்காமல் எது எந்த இடம் என்று தெரியாது. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி ஒரு தனி இனம். மாரியில் நனைந்தால் காடிகளை நிரப்பிக்கொண்டு டயரை மொட்டையாக்கிவிடும், எம்.ரி. போட்டவரும் ஏ.ரி. போட்டவரும் சமமாக வழுக்குவார்கள். அங்கே நான் கொடுக்கக்கூடிய ஒரே ஆலோசனை, இரண்டு நாள் வெயில் காயும்வரை போகாதீர்கள். எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடக்கும் சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினாலும் அதேதான். ஓடும் தண்ணீர் வாகனத்தைத் தள்ளும்போது எந்த டயரும் உதவாது.

மலைக்கு ஏறும்போது உயரத்துக்காகக் காற்றை மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு, அதாவது 2100 மீட்டருக்கு ஏறினால், வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதால் கேஜ் 3 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடக் காட்டும். ஆனால் அங்கே கொழும்பைவிட 15 பாகை குளிர் என்பதால் 2 அளவில் குறையும். மிஞ்சுவது ஒன்று. விட்டுவிடுங்கள். நைட்ரஜன் அடிக்கச் சொன்னால், ஏற்கனவே சாதாரணக் காற்றில் 78 சதவீதம் அதுதான். காசு கொடுத்து அடித்ததை எலுவன்குளத்தில் தீக்குச்சியால் திறந்துவிடப் போகிறீர்கள், பிறகென்ன?

சரியான அளவில் இருக்கிறதா என்று தார் வீதியில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலையில் குளிராக அளந்துவிட்டு ஒரு மணி நேரம் சீராக ஓடியபின் அளந்து பாருங்கள். கார் வகை டயரில் 4, எல்.ரி. வகையில் 6 அளவில் ஏறியிருந்தால் நல்லது. அதைவிடக் கூட ஏறினால் தொடக்கத்தில் காற்றுக் குறைவு, டயர் அதிகம் மடங்கிச் சூடாகியிருக்கிறது. குறைவாக ஏறினால் தொடக்கத்தில் காற்றுக் கூட. இது பட்டறிவு விதி, விஞ்ஞான எல்லைக்கோடு இல்லை. பாரத்தைப் பொறுத்து ஸ்டிக்கர் அளவுக்கு மேலே எவ்வளவு வைப்பது என்று திருத்திக்கொள்ள உதவும், தார் வீதியில் ஸ்டிக்கருக்குக் கீழே இறங்க இதைச் சாட்டாக வைக்காதீர்கள். ஏறிய காற்றைச் சூட்டிலேயே இறக்கவும் வேண்டாம். குளிர்ந்ததும் குறைவாகப் போய்விடும்.

கடைசியாகக் கருவிகள். ஷெட்டுகளில் உள்ள கேஜ் நாள் முழுக்கத் தரையில் விழுந்து எழும்புவது, இரண்டு ஷெட்டில் இரண்டு அளவு காட்டும். உங்களுடைய ஒரே கேஜால் எப்போதும் அளந்தால், அது ஒன்றிரண்டு பிழையாகக் காட்டினாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கம்ப்ரஸர் பற்றரியில் நேரடியாகக் கிளிப் போடுகிற வகையாக இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியவை கார் டயருக்குப் போதும், கெப்பின் டயர் நாலையும் 16இலிருந்து 32க்கு ஏற்றுவதற்குள் கொதித்துவிடும், பியூஸும் போகலாம். கம்ப்ரஸர் ஓடும்போது இஞ்சினை ஸ்டார்ட்டில் வைத்திருங்கள். பயணத்துக்கு முந்திய கிழமையே வீட்டில் ஒருமுறை நாலு டயரையும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் முன்னாலிருக்கும் பற்றரியிலிருந்து குழாய் பின் சில்லு வரை எட்டுகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். டபள் கெப்பில் பல சமயம் எட்டாது, நீட்டிப்புக் குழாய் ஒன்று தனியாக வாங்க வேண்டிவரும். கீழே தொங்கும் ஸ்பெயார் சில்லையும் அன்றைக்கே இறக்கிக் காற்றுப் பாருங்கள். பாவித்த வாகனம் என்கிறீர்கள், அந்தச் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருக்கவும் கூடும்.